கோத்தகிரி குளிரில் வெப்பநிலைச் சார்ட்: எந்த நாளிலிருந்து பாதுகாப்பு?

மலைப்பூண்டு:

கோத்தகிரி பக்கம் இருக்கோம். குழந்தைக்கு ரெண்டு வயசு, தாய்ப்பால் நிறுத்தியாச்சு. அடுத்த குழந்தை இப்போதைக்கு வேண்டாம். ஹார்மோன் மாத்திரையும் ஊசியும் வேண்டாம்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். அதனால காலை வெப்பநிலை, வெள்ளைப்படுறது, ஓவுலேஷன் ஸ்ட்ரிப் (கருமுட்டை வர்ற நேரத்தை சிறுநீரை வச்சுக் காட்டுறது) மூணையும் பார்த்து எழுதிட்டு வர்றேன். வீட்டுல காய்ச்சலுக்கு வச்சிருக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான். நாக்குக்கு அடியில, காலை 5.30-க்கு, எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி. பீரியட்ஸ் ஆரம்பிச்ச நாளை 1-ன்னு வச்சு இந்த மாச அளவு (ஃபாரன்ஹீட்):

8: 97.3 / 9: 97.2 / 10: 97.4 / 11: 97.1 / 12: 96.6 / 13: 97.3 / 14: 97.3 / 15: 97.2 / 16: 97.4 / 17: 97.8 / 18: 97.7 / 19: 97.9 / 20: 98.0

12-ஆம் நாள் கடுங்குளிர், மூக்கு அடைப்பு வேற. 17-ஆம் நாள் ஞாயிறு, 7 மணிக்குத்தான் முழிச்சேன்.

வெள்ளை: 12 வரைக்கும் வறட்சி. 13, 14 கெட்டியா, பசை மாதிரி. 15, 16, 17 முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு இழுபடுது. 18-ல திரும்ப கெட்டி. 19, 20 ஒண்ணும் இல்ல. ஸ்ட்ரிப்புல 15 சாயங்காலமும் 16-லயும் ரெண்டு கோடும் சமமா வந்துச்சு.

போன்ல இருக்கிற செயலி 14-ஆம் நாள் கருமுட்டை வந்தாச்சு, 17-லிருந்து பாதுகாப்புன்னு பச்சை காட்டுது. என் சுழற்சி 27 நாள்லயும் வரும், 34 நாள்லயும் வரும். செயலியை நம்பலாமா? அந்த 96.6-ஐ என்ன பண்றது? ஸ்ட்ரிப் மட்டும் போதாதா?

———

கோடநாடு_காற்று:

20-ஆம் நாள் ராத்திரியிலிருந்துதான் பாதுகாப்பு. செயலி பச்சை காட்டின 17, இந்த மாசத்துல கரு தங்க ரொம்ப வாய்ப்புள்ள நாட்கள்ல ஒண்ணு. உங்க செயலி வெப்பநிலையைப் படிக்கவே இல்ல, போன மாசங்களோட சராசரியை வச்சு தேதி போட்டிருக்கு. சுழற்சி 27-க்கும் 34-க்கும் நடுவுல ஆடுறவங்களுக்கு சராசரியால ஒரு பிரயோஜனமும் இல்ல.

இப்போ சார்ட்டுக்கு வருவோம். கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் சுரந்து உடம்பு சூட்டை 0.2-லிருந்து 0.5 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஏத்தும், அடுத்த பீரியட்ஸ் வரைக்கும் கீழ இறங்க விடாது. நாம தேடுறது அந்த ஏத்தத்தை. விதி இது: முந்தைய ஆறு அளவையும் தாண்டி நிக்கிற அளவு வரணும், அப்படி தொடர்ந்து மூணு வரணும், மூணாவது அளவு அந்த ஆறுல பெரியதை விட குறைஞ்சது 0.2 செல்சியஸ் கூட இருக்கணும். ஃபாரன்ஹீட்ல அதை 0.4-ன்னு வச்சுக்கோங்க.

17-ஆம் நாள் ஒன்றரை மணி நேரம் லேட்டா எடுத்தது. விடியற்காலையில உடம்பு சூடு தானாவே ஏறிட்டு வரும், அதனால அந்த 97.8 உண்மையான ஏத்தமா, லேட்டானதால வந்ததான்னு சொல்ல முடியாது. அதைச் சுத்தி ஒரு அடைப்புக்குறி போட்டு கணக்குல இருந்து எடுத்துடுங்க. மிச்சத்துல 11-லிருந்து 16 வரைக்கும் ஆறு அளவு. பெரியது 97.4, அங்க ஒரு கோடு கிழிங்க. 18-ல 97.7 முதல் மேல் அளவு. 19-ல 97.9 ரெண்டாவது. 20-ல 98.0 மூணாவது, 97.8 இருந்தாலே போதும், தாண்டியாச்சு. வெப்பநிலைக் கணக்கு 20 ராத்திரி முடியுது.

96.6-ஐ நினைச்சு கவலையே வேண்டாம். கோடு போடுறது ஆறுல பெரிய அளவை வச்சு, சின்னதை வச்சு இல்ல. அதை விட்டுட்டு 10-ஆம் நாளைச் சேர்த்தாலும் கோடு அதே 97.4-தான். சார்ட்டைக் கெடுக்கிறது பொய்யா ஏறின அளவு: காய்ச்சல், லேட்டா முழிக்கிறது, ராத்திரி குடிச்சது, குழந்தை நாலு தடவை எழுப்பினது, படுக்கையில வெந்நீர்ப் பை.

அடுத்து வெள்ளை. நல்ல தரத்துல, அதாவது வழவழப்பா இழுபடுற மாதிரி வந்த கடைசி நாள்தான் உச்ச நாள். உங்களுக்கு 17. அது உச்சம்னு 18-ல குணம் மாறின பிறகுதான் தெரியும், அன்னிக்கே தெரியாது. உச்ச நாளுக்கு அப்புறம் மூணு நாள் எண்ணணும்: 18, 19, 20. இதுவும் 20 ராத்திரி. ரெண்டு கணக்குல எது கடைசியா முடியுதோ அதுதான் செல்லும். உங்களுக்கு ரெண்டும் ஒரே நாள்ல வந்துடுச்சு. அந்த 17-ஐ கணக்குல சேர்த்து வெப்பநிலையை மட்டும் பார்த்திருந்தா 19-லயே கதவைத் திறந்திருப்பீங்க; வெள்ளைதான் ஒரு நாள் இழுத்துப் பிடிச்சிருக்கும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிறது இதுக்குத்தான்.

சில மாசம் அடம் பிடிக்கும். மூணாவது அளவு 0.4 ஏறலன்னா நாலாவது நாள் காத்திருங்க, அது கோட்டுக்கு மேல இருந்தா போதும். மூணுல ஒண்ணு கோட்டுல உக்காந்தாலோ கீழ விழுந்தாலோ அதை விட்டுட்டு நாலாவதைப் பாருங்க, ஆனா அந்த நாலாவது கண்டிப்பா 0.4 கூட இருக்கணும். இந்த ரெண்டு சலுகையையும் ஒரே மாசத்துல சேர்த்து எடுக்கக் கூடாது.

பீரியட்ஸ் ஆரம்பத்துல புதுசா எழுதறவங்களுக்கு முதல் 5 நாள் மட்டும்தான் பாதுகாப்பு. அதுவும் போன சுழற்சியில வெப்பநிலை ஏறினது உறுதியா இருந்தாத்தான். இல்லன்னா வந்தது உண்மையான பீரியட்ஸ்தானான்னே தெரியாது. பன்னிரண்டு சார்ட் சேர்ந்த பிறகு, எல்லாத்துலயும் ரொம்ப சீக்கிரமா வந்த முதல் மேல் அளவு எந்த நாளோ, அதுல 8-ஐக் கழிச்சு வர்ற நாள் வரைக்கும் போகலாம். நடுவுல கொஞ்சம் ஈரம் தெரிஞ்சாலும் அன்னியோட அது முடிஞ்சது.

———

நீலக்குறிஞ்சி:

இதுக்கு எதுக்குப்பா இவ்வளவு கணக்கு? பீரியட்ஸ் நின்னு ஏழு நாள், வர்றதுக்கு முன்னாடி ஏழு நாள் பயம் இல்லன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

———

கோடநாடு_காற்று:

அந்த ஏழு கணக்குல பிறந்த பிள்ளைங்க ஊருக்கு ஊர் இருக்காங்க.

கருமுட்டை வெளியாகிறது அடுத்த பீரியட்ஸுக்கு 10-லிருந்து 16 நாள் முன்னாடி. மலைப்பூண்டுக்கு 27 நாள் சுழற்சி வந்த மாசம் அது 11-ஆம் நாளே நடந்திருக்கலாம். விந்தணு உள்ளே 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், கருமுட்டைக்கு 12-லிருந்து 24 மணி நேரம்தான் ஆயுசு. அப்போ ஆறாவது நாளே ஆபத்துல வந்துடுது. ரத்தம் 5-ல நின்னு அதுக்கப்புறம் ஏழு நாள் எண்ணினா 12 வரைக்கும் போகுது. சரியா நடு ஆத்துல இறங்கின மாதிரி. "வர்றதுக்கு முன்னாடி ஏழு"ங்கிறதுலயும் ஒரு ஓட்டை: எப்ப வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சாத்தானே பின்னால எண்ண முடியும்?

நாள் கணக்கு மட்டுமே போதும்னா அதுக்கும் ஆய்வு பண்ணின முறை ஒண்ணு இருக்கு: 8-லிருந்து 19 வரைக்கும் விலகி இருக்கணும். மணி கோத்த மாலை ஒண்ணு கூட அதுக்கு உண்டு. ஆனா சுழற்சி எப்பவும் 26-க்கும் 32-க்கும் உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் அது. 34 வர்றவங்களுக்குப் பொருந்தாது.

———

அளவுகோல்:

கருவி பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஃபாரன்ஹீட்டில் வைத்தது நல்லது, அப்படியே வைத்திருங்கள். சாதாரண டிஜிட்டல் கருவி ஒரு தசமம்தான் காட்டும். செல்சியஸில் அது 0.1, ஃபாரன்ஹீட்டில் 0.1 என்பது செல்சியஸில் ஏறக்குறைய 0.05. இந்த முறைக்கு அந்த நுணுக்கம் தேவை. இரண்டு தசமம் காட்டும் கருவி, பேசல் தெர்மாமீட்டர் என்று கேட்டால் கிடைக்கும், இன்னும் வசதி. கருவியின் பிழை எவ்வளவு என்பதை விட, தினமும் அதே கருவி என்பதுதான் முக்கியம். தினமும் ஒரே அளவு கூட்டிக் காட்டினால் கோடும் அதே அளவு உயரும், கணக்கு கெடாது. சுழற்சியின் நடுவே கருவியை மாற்றினால்தான் கெடும்.

"பீப்" சத்தத்தை நம்பாதீர்கள். சூடு ஏறும் வேகம் குறைந்ததும் கருவி பீப் அடித்துவிடும். ஆனால் அளவு அதற்குப் பிறகும் மெல்ல ஏறும். பீப் அடித்தாலும் எடுக்காமல் மொத்தம் மூன்று நிமிடம் வைத்திருந்து, அப்போது திரையில் உள்ளதை எழுதுங்கள். பாதரசக் கருவியானால் ஐந்து நிமிடம். ஆனால் தூக்கக் கலக்கத்தில் அது கை தவறி உடைந்தால் குழந்தை உள்ள வீட்டில் பெரிய தலைவலி.

மலைக்குளிர் இதில் இரண்டு விதத்தில் புகுந்துகொள்கிறது. பெரும்பாலான டிஜிட்டல் கருவிகளின் தாளில் 10-லிருந்து 40 டிகிரி செல்சியஸ் அறைக்குள் பயன்படுத்தவும் என்றுதான் போட்டிருக்கும். உறைபனிக் காலத்தில் விடியற்காலை ஜன்னலோர மேசை அதற்குக் கீழே போய்விடும். கருவியைத் தலையணைக்கு அடியில் வையுங்கள், வெந்நீர்ப் பை, மின் போர்வை, கணப்பு எதற்கும் பக்கத்தில் வேண்டாம். குளிரில் பொத்தான் பேட்டரியும் சீக்கிரம் சோர்ந்துவிடும். திரை மங்கலாகத் தெரிந்தால் அன்றைய அளவை நம்ப வேண்டாம்.

இரண்டாவது வாய். மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டுத் தூங்கினால் நாக்கின் அடிப்பகுதி குளிர்ந்திருக்கும். அந்த 96.6 அப்படி வந்ததாக இருக்கலாம். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது வாயை மூடியிருங்கள், கருவியின் நுனியை நாக்கின் பின்பக்கம், அடி ஓரத்துக் குழியில் வையுங்கள். அதற்கு முன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, சுடு தேநீர் அறவே கூடாது. டிசம்பர், ஜனவரியில் இப்படியும் அளவு குதித்தால் பிறப்புறுப்பின் வழியே அளப்பதே மேல். வெளிக்குளிர் அதைத் தொடாது, கோடு சீராக வரும். அதற்கென்று தனிக் கருவி. சோப்பும் சாதாரணத் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும், வெந்நீர் ஊற்றக் கூடாது.

———

மலைப்பூண்டு:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஸ்ட்ரிப் பத்தி யாராவது சொல்லுங்க. இன்னொண்ணு, அடுத்த மாசம் டீ ஃபேக்டரியில எனக்கு ஒரு வாரம் நைட் ஷிஃப்ட் வருது. அப்போ எப்படி எடுக்கிறது? இதெல்லாம் சரிப்படலன்னா ஹார்மோன் இல்லாம வேற என்ன இருக்கு?

———

செவிலி_கூடலூர்:

மலைப்பூண்டு, ஸ்ட்ரிப்பைப் பத்தி முதல்ல ஒரு விஷயம். அது குழந்தை வேணும்னு பார்க்கிறவங்களுக்காக வந்தது. எல்.எச்., அதாவது கருமுட்டையை வெளியே வரவைக்கிற ஹார்மோன், ஏறினதைக் காட்டும், அதுக்கப்புறம் 24-லிருந்து 36 மணி நேரத்துல கருமுட்டை வரலாம். தவிர்க்கணும்னு நினைக்கிறவங்களுக்கு அந்த எச்சரிக்கை ரொம்ப லேட், ஏன்னா அஞ்சு நாள் முன்னாடி இருந்ததே போதும் கரு தங்குறதுக்கு. ஸ்ட்ரிப்புல ரெண்டு கோடு வந்தும் கருமுட்டை வராமப் போற மாசமும் உண்டு. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனை) இருக்கிற சிலருக்கு எல்.எச். எப்பவுமே கூடுதலா இருந்து நாள் கணக்கா ரெண்டு கோடு காட்டும். அதனால ஸ்ட்ரிப் பக்கத் துணையா இருக்கட்டும், பாதுகாப்பான நாளை அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

உபயோகிக்கிறதா இருந்தா காலையில முதல் சிறுநீர் வேண்டாம். காலை 10-லிருந்து ராத்திரி 8-க்குள்ள தினமும் ஒரே நேரம். குளிர்ல சிறுநீர் அதிகமா, தண்ணியா போகும், அதுல எல்.எச். நீர்த்துப் போய் கோடு மங்கும். அதனால முன்னாடி ரெண்டு மணி நேரம் டீயும் தண்ணியும் குறைச்சுக்கோங்க. சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டுக்குச் சமமா, இல்ல அதை விட அழுத்தமா இருந்தாத்தான் பாசிட்டிவ். கர்ப்பம் பார்க்கிற கார்டுல மங்கலான கோடே கணக்கு, இதுல அப்படி இல்ல. நிறைய பேர் இங்கதான் குழம்புறாங்க. உறையைப் பிரிச்ச உடனே உபயோகிங்க. கூடலூர்ல ஜூன்-ஆகஸ்ட் மழையிலயும், உங்க பக்கம் அக்டோபருக்கு மேல வர்ற மழையிலயும், பிரிச்சு வச்ச ஸ்ட்ரிப் ஈரம் இழுத்து வீணாப் போயிடும்.

வெள்ளை பார்க்கிறதுல நம்ம பழக்கமே ஒரு இடைஞ்சல். தண்ணி ஊத்திக் கழுவின பிறகு பார்த்தா எல்லா நாளும் வறட்சிதான்! கழிவறைக்குப் போனதும், சிறுநீர் போறதுக்கு முன்னாடியே, டிஷ்யூவையோ மடிச்ச சுத்தமான துணியையோ வச்சு முன்னாலிருந்து பின்னால துடைச்சுப் பாருங்க. விரலுக்கு நடுவுல இழுத்துப் பாருங்க. நடக்கும்போது வழுக்குற உணர்வு இருந்தா அதையும் எழுதுங்க. ஒரு நாள்ல பல தடவை பார்த்து, அதுல நல்ல தரம் எதுவோ அதைத்தான் அன்னிக்குக் கணக்குல போடணும். உறவுக்கு மறுநாள் விந்து கசிவும் ஈரமாத்தான் தெரியும். சந்தேகம்னா ஆபத்து நாள்னே வச்சுக்கோங்க. தயிர் மாதிரி திரிஞ்சு, அரிப்பும் நாத்தமும் இருந்தா அது தொற்று. வைத்தியம் பண்ணி சரியாகிற வரைக்கும் வெள்ளையை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. சளிக்குப் போடுற அலர்ஜி மாத்திரை வெள்ளையை வறள வைக்கும், பாராசிட்டமால் சூட்டைக் குறைச்சுக் காட்டும். போட்ட நாளை சார்ட்டுல குறிச்சு வைங்க.

நைட் ஷிஃப்ட் வாரத்துல காலை 5.30-ஐ மறந்துடுங்க. பகல்ல தூங்குற நீளமான தூக்கம் முடிஞ்சு முழிச்ச உடனே எடுங்க, மணியையும் பக்கத்துல எழுதுங்க. அந்த வாரம் சுழற்சியோட நடுவுல விழுந்தா அந்த மாச வெப்பநிலையில சாய்ஞ்சு நிக்காதீங்க. ஏத்தம் தெளிவாத் தெரியிற வரைக்கும் ஆணுறை.

எவ்வளவு நம்பலாம்னு கேட்டா: 2007-ல வெளியான ஜெர்மன் ஆய்வுல, வெப்பநிலையும் வெள்ளையும் சேர்த்துப் பார்த்த 900 பெண்களோட 17,638 சுழற்சியைக் கணக்கெடுத்தாங்க. 13 சுழற்சியில நூத்துக்கு 1.8 பேர் கர்ப்பமானாங்க. ஆபத்து நாள்ல முழுசா விலகி இருந்தவங்கள்ல 0.4. ஆனா அவங்க முறையா பயிற்சி எடுத்தவங்க. இயற்கை முறைகள் எல்லாத்தையும் மொத்தமா சேர்த்தா, முதல் வருஷத்துல நூத்துக்கு 2-லிருந்து 23 வரைக்கும் தோல்வின்னு அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையம் சி.டி.சி. சொல்லுது. அந்த 23 பக்கம் போறது பெரும்பாலும் தேதி எண்ணுறவங்க. ஆணுறை மட்டும்னா சாதாரண உபயோகத்துல 13. முதல் மூணு சார்ட் முடியிற வரைக்கும் ஆணுறையை விடாதீங்கன்னுதான் சொல்வேன்.

வேற வழி, கருப்பைக்குள்ள வைக்கிற காப்பர் டி. ஹார்மோன் கிடையாது, 380ஏ வகை 10 வருஷம், 375 வகை 5 வருஷம், அரசு மருத்துவமனையில இலவசம். நூத்துக்கு ஒண்ணுக்கும் கீழதான் தோல்வி. முதல் சில மாசம் ரத்தப்போக்கும் வலியும் கூடலாம், அதனால போடுறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் பாருங்க. சாயா மாத்திரையும் இருக்கு, லக்னோவுல இருக்கிற மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடிச்சது, 30 மில்லிகிராம். முதல் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லன்னாலும் ஈஸ்ட்ரோஜென் வேலை செய்யிற இடத்துல போய்த்தான் வேலை செய்யும். பீரியட்ஸையும் தள்ளிப் போடும், பி.சி.ஓ.எஸ். இருக்கிறவங்களுக்குத் தர மாட்டோம். அதைப் போட்டுக்கிட்டு சார்ட் எழுதறது வீண் வேலை.

ஆபத்து நாள்ல ஆணுறை கிழிஞ்சா 5 நாளுக்குள்ள காப்பர் டி போட்டா கரு தங்க வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு, அவசரத்துக்கு அதை விட உறுதியான வழி இல்ல. 72 மணி நேர மாத்திரை ஹார்மோன்தான். போட்டா அந்த மாசச் சார்ட்டைத் தூக்கிப் போட்டுடுங்க, கருமுட்டை நாள் தள்ளிப் போயிருக்கலாம்.

———

மலைப்பூண்டு:

ரொம்ப நன்றி சிஸ்டர். 20-க்கு அப்புறமும் தினமும் அளக்கணுமா? பிறப்புறுப்பு வழியா அளக்கிறதை நாளைக்கே ஆரம்பிக்கலாமா?

———

கோடநாடு_காற்று:

பாதுகாப்புக்காக மட்டும்னா, 20-ல உறுதியானதும் அடுத்த பீரியட்ஸ் வரைக்கும் கருவியை ஓரமா வச்சுடலாம். ஆனா முதல் சில மாசம் தொடர்ந்து எடுங்க. மேல் அளவு எத்தனை நாள் நீடிக்குதுன்னு தெரியும். 18 நாளைத் தாண்டியும் இறங்காம, பீரியட்ஸும் வரலன்னா கர்ப்பம் பார்க்கிற கார்டை எடுக்க வேண்டியதுதான். இடத்தை மட்டும் நாளைக்கே மாத்தாதீங்க, உள்ளே அளந்தா வாயை விடக் கூடுதலாத்தான் காட்டும், சார்ட் குழம்பிடும். அடுத்த பீரியட்ஸ்ல ரத்தம் குறைஞ்சதும் ஆரம்பிச்சு, 6-ஆம் நாளிலிருந்து விடாம எடுங்க. ஏத்தம் வர்றதுக்கு முன்னாடி ஒரே இடத்துல எடுத்த ஆறு அளவு கையில இருக்கணும்.